மொரிஷியஸ்ல காவடி இருக்கு, தமிழ்ப் பேச்சு இல்ல. நம்ம கோயில்ல?



கோயிலுக்கு வரும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆடித் திருவிழாக் கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு படிச்சிட்டு வாங்க.

தைப்பூசம் முடிஞ்ச அடுத்த வாரம் நம்ம கிள்ளான் கோயிலுக்கு ஒரு குடும்பம் வந்தாங்க. புருஷன், பெஞ்சாதி, ரெண்டு பிள்ளைங்க. நான் அன்னைக்கு அன்னதான வரிசையில நின்னுக்கிட்டு இருந்தேன். பார்க்க நம்ம ஆளுங்க மாதிரியே இருந்தாங்க. "வாங்கண்ணே, சாப்பிட்டுப் போங்க"ன்னு கூப்பிட்டேன். அவர் சிரிச்சாரே தவிர பதில் வரல. அப்புறம் ஆங்கிலத்தில சொன்னார்: நாங்க மொரிஷியஸ், தமிழர்கள்தான், ஆனா தமிழ் பேச வராது.

வருசா வருசம் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறாராம். பத்துமலையைப் பார்க்கணும்னு பல வருசம் காசு சேர்த்து வந்திருக்காங்க. அந்த அம்மா சந்நிதி முன்னாடி கைப்பையில இருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து முருகன் பாட்டு பாடினாங்க. உச்சரிப்பு நல்லாவே இருந்துச்சு. எட்டிப் பார்த்தேன். முழுக்க ரூமி எழுத்து. அர்த்தம் தெரியுமான்னு கேட்டதுக்கு, "கொஞ்சம்"னு விரலால காட்டினாங்க.

சாப்பிட உட்கார்ந்தப்ப அவர் சோறைக் குறைக்கச் சொன்னார். இனிப்பு நீர். எனக்கும்தான்னு சொல்லி என் மாத்திரை டப்பாவைக் காட்டினேன். அவர் சட்டைப் பையில இருந்து அவரோடதை எடுத்தார். ரெண்டு பேருக்கும் அதே மெட்ஃபார்மின். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். வீட்டுக்கு வந்தப்புறம்தான் மனசு கனமா ஆச்சு.

நான் எஸ்பிஎம் வரைக்கும் படிச்சவன், ஃபேக்டரியில சூப்பர்வைசர். ஆனா மனசுல ஒண்ணு புகுந்தா விடமாட்டேன். அந்த நாட்டைப் பத்தி ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தேடித் தேடிப் படிச்சேன்.

மொரிஷியஸ் இந்தியப் பெருங்கடலில், ஆப்பிரிக்காப் பக்கம் இருக்கிற ஒரு தீவு நாடு. பரப்பளவு சுமார் 2,000 சதுர கிலோமீட்டர். நம்ம சிலாங்கூரில் கால்வாசிதான். மக்கள் தொகை பன்னிரண்டரை லட்சம் அளவு. பீகார் பக்கத்து வம்சாவளி, தமிழர், தெலுங்கர், மராட்டியர், முஸ்லிம்கள், ஆப்பிரிக்க வம்சாவளி, சீனர் எல்லாரும் இருக்காங்க. தமிழர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவு.

நம்ம தோட்டத்துக் கதைக்கு முந்தியே தமிழர்கள் அங்கே போயிட்டாங்க. 1700-களில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார், தச்சர்னு கைத்தொழில் தெரிஞ்சவங்களைக் கொண்டுபோய்த்தான் போர்ட் லூயிஸ் நகரத்தைக் கட்டினாங்க. 1810-ல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். 1834-லிருந்து கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றினார்கள். மொத்தம் நாலரை லட்சம் பேர் அளவுக்கு வந்து இறங்கியிருக்காங்க. அவங்க இறங்கின இடத்துக்கு ஆப்பிரவாசி காட்னு பேர். 2006-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சது. நம்ம தாத்தாவுக்குப் பால்மரம், அவங்க தாத்தாவுக்குக் கரும்பு. தலையெழுத்து ஒண்ணுதான்.

இப்ப அங்கே தைப்பூசம் நாடு முழுக்கப் பொது விடுமுறை. நம்ம கோலாலம்பூருக்கே 2008-லதான் தைப்பூச லீவு கிடைச்சது, ஞாபகம் இருக்கா? அங்கே ரூபாய் நோட்டிலேயும் தமிழ் எழுத்து இருக்கு. 1998-ல் புதுசா அச்சடிச்ச நோட்டில் தமிழுக்கு மேலே ஹிந்தியைப் போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி தமிழ்தான் மேலே. தமிழர்கள் பெரிய எதிர்ப்புக் காட்டினாங்க. கடைசியில அந்த நோட்டுகளைத் திரும்ப எடுத்து, 1999-ல் பழைய வரிசையிலேயே புது நோட்டு விட்டாங்க. நூற்றுக்கு ஆறு பேர் இருக்கிற சமூகம் இதைச் சாதிச்சிருக்கு.

ஆனா வீட்டில பேசுறது என்ன? 2011 கணக்கெடுப்பில் அந்த நாட்டில் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் வீட்டில பேசுறது கிரியோல். பிரெஞ்சுல இருந்து பிறந்த தோட்டத்துப் பொதுமொழி அது. நோட்டில ஜெயிச்ச தமிழ் அடுப்படியில தோத்துப்போச்சு.

யாரும் தமிழைத் தடை பண்ணல. பள்ளியில விருப்பப் பாடமா இன்னைக்கும் இருக்கு. மோக்கா ஊரில இருக்கிற மகாத்மா காந்தி கல்விக் கழகத்தில தமிழ்த் துறையே இருக்கு. ஆனா பள்ளிக்கூடம் ஆங்கிலம், பிரெஞ்சு. தோட்டத்தில, கடையில, விளையாடுற இடத்தில கிரியோல். ஊரிலிருந்து கப்பல் வர்றதும் நின்னுபோச்சு. ஒரு தலைமுறை பேசினது, அடுத்த தலைமுறைக்குப் புரிஞ்சது, அதுக்கடுத்தது பாட மட்டும் செஞ்சது. அவ்வளவுதான். அவங்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்ல. நம்மளவிடச் சின்னக் கூட்டம், நம்மளவிட முன்னாடி போனவங்க. காவடியைக் காப்பாத்தினதே பெரிய விஷயம்.

நம்ம பக்கம் 520-க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, பிரிக்பீல்ட்ஸ் போனா பூக்கடையில தமிழ், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில துணிக்கடையில தமிழ். அதனால நமக்கு அப்படி ஆகாதுன்னு நினைக்கிறோம். ஆனா நம்ம கோயில் பஜனைத் தாளைப் பாருங்க. போன வருசத்திலிருந்து ரூமியில மட்டும்தான் அச்சடிக்கிறோம். "பிள்ளைங்களுக்குப் படிக்க வரல"ன்னு காரணம். அந்த மொரிஷியஸ் அம்மா கையில இருந்த புத்தகம் வேற எங்கேயும் இல்ல, நம்ம கோயில் மேஜை மேலேயே இருக்கு.

இப்ப உடம்பு விஷயத்துக்கு வர்றேன். அங்கே பெரியவங்க அஞ்சு பேரில் ஒருத்தருக்கு நீரிழிவு. நம்ம நாட்டில் 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவங்க 100 பேரில் 18 பேருக்கு இருக்கு. இந்தியர்களை மட்டும் எடுத்தா 31 பேர். அதாவது மொரிஷியஸைவிட நம்ம நிலைமை மோசம். என் மச்சான் இருபது வருசம் காவடி எடுத்தவர். முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்துட்டாங்க. இந்தத் தைப்பூசத்துக்கு வீல்சேரில உட்கார்ந்து ரதத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த முகத்தை என்னால மறக்க முடியல.

மொரிஷியஸ் இதில ஒரு நல்ல காரியமும் பண்ணியிருக்கு. 1987-ல் அந்த அரசாங்கம், மக்கள் மலிவாக வாங்குற பங்கீட்டு எண்ணெயை மாத்துச்சு. பெரும்பாலும் செம்பனையா இருந்ததை முழுக்க சோயா எண்ணெய் ஆக்கினாங்க. கூடவே ஊர் முழுக்கப் பிரச்சாரமும் பண்ணினாங்க. 1992-ல் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தா, மக்களோட சராசரி கொலஸ்ட்ரால் 5.5-லிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. கிளினிக் அட்டை வச்சிருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய இறக்கம்னு தெரியும். ஆனா அதே அஞ்சு வருசத்தில உடம்பு எடை கூடிச்சு, நீரிழிவு குறையல. கேரித் தீவு, பந்திங் பக்கம் செம்பனையில வேலை செஞ்சு பிள்ளைங்களைப் படிக்க வச்ச குடும்பங்கள் இங்கே நிறைய. எண்ணெய் மேல சண்டைக்கு நான் வரல. நான் பார்த்த விஷயம் வேற.

ஃபேக்டரியில எனக்குத் தெரிஞ்ச ஒரு பாடம் இருக்கு. "கையைப் பார்த்து வேலை செய்"னு தொழிலாளிக்கு நூறு தடவை சொல்றதைவிட, மெஷினுக்கு ஒரு மூடி போட்டா விரல் தப்பிக்கும். மனுசன் களைச்சுப்போவான், மறந்துபோவான். மூடி மறக்காது. அந்த நாட்டில கடையில இருந்த எண்ணெயை மாத்தினாங்க, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டாமலேயே கொழுப்பு இறங்கிச்சு. சர்க்கரைக்கு அப்படி ஒரே இடத்தில மாத்துற வழி கிடைக்கல, அது இறங்கல. நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

நம்ம கோயில்ல அந்த ஒரே இடம் அண்டாதான். விசேஷ நாளில் ஆயிரம் பேருக்கு மேல சாப்பிடுறாங்க. கேசரி, பாயசம், அதுக்கு மேல ரோஸ் சிரப் தண்ணி. போன கூட்டத்தில நான் இதைச் சொன்னப்ப ஒரு பெரியவர் கோபப்பட்டார். "பிரசாதத்துல கை வைக்காதே தம்பி, வேணாங்கிறவன் வேணாம்னு சொல்லிட்டுப் போகட்டும்"னார். அவர் மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா ஐயா, கோயில்ல நீட்டுறதை யாருங்க வேணாம்னு சொல்வாங்க? சாமி கொடுக்கிறதுன்னு வாங்கிக் குடிப்பாங்க. என் மச்சானும் அப்படித்தான் குடிச்சார்.

அதனால ஆடித் திருவிழாவுக்கு நான் கேட்கிறது இதுதான்.

சாமிக்குப் படைக்கிற சர்க்கரைப் பொங்கல் அப்படியே இருக்கட்டும். நைவேத்தியத்தில நான் கை வைக்கல. ஒரு கரண்டி பிரசாதம் எல்லாருக்கும் கிடைக்கட்டும். ஆனா தண்ணீர்ப் பந்தலில ரோஸ் சிரப்பை நிறுத்திட்டு மோரும் வெறும் தண்ணியும் வைப்போம். அன்னதானத்தில கேசரி, பாயசம் ரெண்டில ஒண்ணு போதும். அந்தக் காசில ஒரு காய் கூட வைக்கலாம். உபயகாரர்களிடம் நானே வந்து பேசுறேன்.

பஜனைத் தாளில மேலே தமிழ் எழுத்து, கீழே ரூமி. படிக்க வராத பிள்ளை கீழே பார்க்கட்டும், ஆனா கண்ணு மேலேயும் போகும். அறிவிப்பு முதல்ல தமிழில. பரிமாறுறப்ப பிள்ளைங்ககிட்ட "சோறு போதுமா கண்ணு, சாம்பார் ஊத்தவா"ன்னு தமிழிலயே கேளுங்க. மலாயில பதில் சொன்னாலும் பரவாயில்ல, மறுபடியும் தமிழிலயே கேளுங்க. திட்டாதீங்க. திட்டினா அடுத்த வாரம் வராது.

போகும்போது அந்த மொரிஷியஸ் அண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, மகனைக் காட்டி, இவனுக்கு ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுங்கன்னு ஆங்கிலத்தில கேட்டார். எனக்குச் சட்டுனு ஒண்ணும் தோணல. "சாப்பிட்டியா?"ன்னு சொல்லிக்கொடுத்தேன். பையன் கார் வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் கூட்டம். நான் சொன்னதில தப்பு இருந்தா அங்கே வந்து நேர்ல சொல்லுங்க. வராம மட்டும் இருக்காதீங்க.

முருகா சரணம்.