படியெடுப்பது பாவமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"கள்வன்" என்று நம்மில் ஒருவனை அழைத்துப் பாருங்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வருவான். அதே நண்பனிடம், "அந்தப் புது விளையாட்டுக்குக் கிராக் கிடைத்துவிட்டதாமே?" என்று கேளுங்கள், முகம் மலர்ந்து பென் டிரைவை எடுத்து நீட்டுவான். விடுதியில் ஒரு சோப்புக் காணாமற்போனால் பஞ்சாயத்துக் கூடுகிறது. பல பேர் பல ஆண்டுகள் உழைத்துச் செய்த வீடியோ விளையாட்டு, அறைக்கு அறை காசின்றிப் பாயும்போது ஒருவர் புருவமும் உயர்வதில்லை.

"நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, ஆண்டு மலரில் எழுத இதுதானா பொருள்?" என்று கேட்கும் ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவுடன் ஒன்று சொல்வேன். மற்றப் பிரச்சினைகளுக்கு இம்மலரில் கவிதைகள் குறைவின்றி வரும். நம்மில் பலர் நாளை கணிப்பொறிக்கு நிரல் எழுதியே வயிறு வளர்க்கப் போகிறோம். அப்படிப்பட்டவர்களுடைய உழைப்புக்கு என்ன மதிப்பு என்று இன்றே நாம் விடுதி அறைகளில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆகவே பொருள் சிறிதன்று.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. "திருட்டு திருட்டே" என்பது முதற்கட்சி. வள்ளுவர் கள்ளாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்திருப்பதால் இவர்கள் பாடு எளிது. "கோடி கோடியாகக் குவிக்கும் கம்பெனிக்காரனுக்கு என் ஒருவனால் என்ன நட்டம்? நான் எடுத்தது படி. மூலம் அவனிடமே இருக்கிறதே!" என்பது இரண்டாம் கட்சி. முன்னவர்கள் அளவுக்கு மீறி எளிமையாகச் சிந்திக்கிறார்கள்; பின்னவர்கள் தமக்கு வசதியாகச் சிந்திக்கிறார்கள்.

என் தந்தை தச்சர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். எனவே நியாயம் என்பதைச் சட்டப் புத்தகத்திலிருந்து அல்ல, பட்டறையிலிருந்தே கற்றேன். அவர் ஒரு வீட்டு நிலையில் செதுக்கிய அன்னத்தையும் கொடியையும் அடுத்த ஊர்த் தச்சர் ஒருவர் வந்து தாளில் வரைந்துகொண்டு போனார். எனக்குக் கோபம் வந்தது, அவருக்கு வரவில்லை. "நான் மட்டும் எங்கே பார்த்துக் கற்றேனாம்?" என்று சிரித்துவிட்டார். ஆனால் வேறொரு வீட்டுக்காரர், கதவெல்லாம் பொருத்தி முடித்தபின் ஏழு நாள் கூலியைத் தராமல் இழுத்தடித்து, கடைசியில் தராமலே விட்டுவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தத் தெரு வழியே என் தந்தை நடப்பதில்லை. அந்த மனிதர் கதவைத் திருடவில்லை. கதவு அவர் வீட்டுக்கே உரியது. அவர் பறித்தது கூலியை.

ஆகவே, "மூலம் அங்கேயே இருக்கிறதே" என்ற வாதம் எனக்கு விடையாகத் தோன்றவில்லை. ஏழு நாள் கூலி போன பிறகும் என் தந்தையிடம் உளியும் இழைப்புளியும் அப்படியே இருந்தன. கேட்க வேண்டிய கேள்வி, யாருடைய கூலி, அது போய்ச் சேர்ந்ததா என்பதே.

இந்தக் கேள்வி கணிப்பொறித் தொழிலோடு உடன் பிறந்தது. 1976இல், பில் கேட்ஸ் என்ற இளைஞர் கணிப்பொறி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்னும் கணிப்பொறிக்குத் தாமும் நண்பர்களும் எழுதிய பேசிக் நிரலைப் பெரும்பாலோர் விலை கொடாமல் படியெடுத்துக்கொள்கிறார்கள், தம் உழைப்புக்கு மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்பது அவர் முறையீடு. அவர் பின்னாளில் உலகப் பெரும் செல்வர்களுள் ஒருவரானார் என்பதைச் சொல்லி, "பார்த்தாயா, ஒன்றும் குறைந்துவிடவில்லையே!" என்பான் என் அறைத்தோழன். ஆனால் எல்லா நிரலரும் பில் கேட்ஸ் ஆவதில்லை. மற்றவர்கள் கதையை 2013இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது.

கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர் இருவர், "கேம் டெவ் டைகூன்" என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஆடுபவரே ஒரு விளையாட்டு நிறுவனம் நடத்துவதுதான் அதன் கதை. விலை எட்டு டாலர். எப்படியும் திருட்டுப் படி வரத்தான் போகிறது என்று, அவர்களே ஒரு படியைச் சிறு மாற்றத்துடன் டோரண்டில் ஏற்றினார்கள். அந்தப் படியில் ஆடுபவனுடைய நிறுவனம் நல்ல விளையாட்டுகளைச் செய்யும். ஆனால் சிறிது காலத்தில் திருட்டுப் படிகளால் வருமானம் வற்றித் திவாலாகிவிடும்! முதல் நாள் கணக்கைப் பாருங்கள்: விலை கொடுத்து ஆடியவர்கள் 214 பேர், காசின்றி ஆடியவர்கள் 3,104 பேர். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றுக்கும் மேல். இதைவிடச் சுவை, காசின்றி ஆடியவர்களில் சிலர், "எங்கள் விளையாட்டுகளை எல்லோரும் திருடுகிறார்களே, இதைத் தடுக்க வழியே இல்லையா?" என்று அந்தச் சகோதரர்களிடமே முறையிட்டதுதான். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அந்த இருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி இல்லை. விற்கும் படிதான் கூலி.

இனி விலைக்கு வருவோம். பெரிய நிறுவனங்களின் புது விளையாட்டு இன்று நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் விற்கிறது. அது என் தந்தைக்கு ஐந்து நாள் உழைப்பு. "வாங்க முடியாதவன் படியெடுத்தால் அவர்களுக்கு நட்டமே இல்லை; அவன் எப்படியும் வாங்கப் போவதில்லை" என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நட்டம் இல்லை என்பது ஒன்று, எனக்கு உரிமை உண்டு என்பது வேறொன்று.

இங்கே பாடநூலையும் விளையாட்டையும் ஒரே தட்டில் வைக்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பதிப்பகங்கள் தில்லிப் பல்கலைக்கழகத்தையும் அங்கிருந்த ஒரு நகலகத்தையும் 2012இல் நீதிமன்றத்துக்கு இழுத்தன. பாடநூற் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்தது குற்றம் என்றன. 2016இல் தில்லி உயர்நீதிமன்றம், கற்பித்தலுக்காக நகலெடுக்கப் பதிப்புரிமைச் சட்டமே இடந்தருகிறது என்று அவ்வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் ஓரளவு மறு விசாரணைக்கு வழி பிறந்தும், 2017இல் பதிப்பகங்களே விலகிக்கொண்டன. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த என்னைப் போன்றவனுக்கு அந்தத் தீர்ப்பு சோற்றுக்கு உப்பு. புத்தகம் இல்லாவிட்டால் என் படிப்பு நின்றுவிடும். ஐயாயிரம் ரூபாய் விளையாட்டு இல்லாவிட்டால் எனக்கு என்ன நின்றுவிடும்? மாலையில் மைதானத்துக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவே. ஏழ்மை என்ற சொல்லை உரிய இடத்துக்கென்று சேமித்து வைப்போமே.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமை மீறிய நிரல் என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு. வருவாய் நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறையை விலக்கித் தண்டம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. இதை எந்த மாணவனும் படித்ததில்லை. படித்தவன் அஞ்சியதும் இல்லை.

அச்சம் செய்யாததை நல்ல கடை செய்திருக்கிறது. போலந்து நாட்டில் 1994 வரை கணிப்பொறி நிரல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பே கிடையாது. வார்சா நகரச் சந்தைகளில் திருட்டுப் படிகள் கூவி விற்கப்பட்டன. அதே ஆண்டில் அங்கே இரண்டு இளைஞர்கள் சிடி புரொஜெக்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1999இல் "பால்டர்ஸ் கேட்" என்ற விளையாட்டைப் போலிஷ் மொழியில், அந்நாட்டு நடிகர்களின் குரலோடு, வரைபடம், கையேடு எல்லாம் அடங்கிய பெட்டியாக வெளியிட்டார்கள். திருடனிடம் கிடைக்காத ஒன்றை நேர்மையான கடைக்காரன் கொடுத்தான், மக்கள் வாங்கினார்கள். பின்னாளில் "விட்சர்" விளையாட்டுகளால் உலகப் புகழ் பெற்றது அந்த நிறுவனம்தான். நம் நாட்டிலும் ஸ்டீம் கடை 2015இல் ரூபாயில் விலை போடத் தொடங்கியது. சில நூறு ரூபாய்க்கும் தள்ளுபடியில் விளையாட்டுகள் கிடைக்கின்றன. டீக்கடைக் கணக்கைத் தீர்ப்பவன் இதையும் தீர்க்கலாம்.

இதுவரை படித்த முதற்கட்சியினர் மகிழ்ந்திருப்பார்கள். அவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு.

2008இல் வெளிவந்த "ஸ்போர்" என்ற விளையாட்டை, விலை கொடுத்து வாங்கியவரே மூன்று முறைதான் கணிப்பொறியில் பதிக்கலாம் என்று பூட்டுப் போட்டார்கள். திருட்டுப் படி எடுத்தவனுக்கு அந்தப் பூட்டே இல்லை. 2013இல் "சிம்சிட்டி" எப்போதும் இணையத் தொடர்பில் இருந்தால்தான் ஓடும் என்றார்கள். வெளியான நாட்களில் அவர்களுடைய கணிப்பொறிகளே தாங்காமல், காசு கொடுத்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். இவையாவது தொல்லைகள். 2014இல் யூபிசாஃப்ட் விற்ற "தி குரூ" என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சேவையை 2024 மார்ச் 31இல் நிறுத்தினார்கள். தனியாக ஆடுவோருக்கும் அது ஓடாமற்போயிற்று. விலை கொடுத்து வாங்கியவன் கையில் மிஞ்சியது வெறும் வட்டு. விற்றது பொருளையன்று, அனுமதியை என்பது அவர்கள் விளக்கம். வாங்கிய கதவைப் பத்தாண்டு கழித்து வந்து கழற்றிக்கொண்டு போகும் தச்சனை ஊர் என்ன சொல்லும்? இதைக் கண்டித்து ஐரோப்பாவில் தொடங்கிய மனு இயக்கத்தில் கையொப்பங்கள் 2025இல் பத்து இலட்சத்தைத் தாண்டின.

இன்னும் ஒன்று. வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. காசை எடுத்துக்கொண்டு போனாலும் வாங்க இடமில்லை. இவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் பலர், சட்டத்தின் கண்ணில் திருட்டுப் படிக்காரர்கள்! 2010இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்டீம் கடையில் முறைப்படி விற்கப்பட்ட "மேக்ஸ் பெய்ன் 2" விளையாட்டுக் கோப்பினுள், பூட்டுடைக்கும் கூட்டம் ஒன்றின் முத்திரையே பதிந்திருந்தது. உரியவர்களே திருடனின் படியை வாங்கி விற்றிருக்கிறார்கள் என்று உலகம் சிரித்தது.

தமிழராகிய நாம் இதை எளிதில் உணரலாம். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் அச்சேற்றினார். ஊர் ஊராக அலைந்து அவர் தேடிய சுவடிகள் யாவை? ஆசிரியர்கள் கைப்பட எழுதிய மூலங்கள் அல்ல. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. செல்லரித்துப் போகுமுன் யாரோ ஒருவர் படியெடுத்தார். அவர் படியை இன்னொருவர் படியெடுத்தார். படியெடுத்தவர் பெயர்கூடப் பலவற்றில் இல்லை. படியெடுக்கப்படாதவை போயின. கடையை விட்டு நீங்கி, உரியவரே கைகழுவிய விளையாட்டைப் படியெடுத்து வைப்பவனை நான் அந்தச் சுவடிக்காரர் வரிசையில்தான் வைப்பேன். அங்கே யாருடைய கூலியும் நிற்கவில்லை.

ஆனால் விடுதியில் சுற்றும் பென் டிரைவில் இருப்பவை அப்படிப்பட்டவையா? போன மாதம் வெளிவந்து, கடையில் கிடைக்கும் விளையாட்டுகள் அவை. "பாதுகாக்கிறேன்" என்ற பெரிய சொல்லை அவற்றுக்குச் சூட்டுவது நேர்மையன்று.

போலந்திலேயே மூவர் சேர்ந்து செய்த "டார்க்வுட்" என்ற விளையாட்டு 2017இல் வந்தது. மாத முடிவில் கணக்குச் சீட்டைப் பார்த்துப் பெற்றோர் வருந்துவார்களே என்று பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒருவர் அவர்களுக்கு எழுதினார். அதைப் படித்தவர்கள், கையில் காசில்லாதவர்களுக்காகத் தாங்களே அவ்விளையாட்டை டோரண்டில் ஏற்றிவிட்டு, பிடித்திருந்தால் பின்னாளில், விலை குறையும்போதாவது வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். செய்தவன் கொடுத்தால் அது கொடை. அதை வாங்கி ஆடுவதில் எனக்குக் கூச்சமில்லை. கொடுக்காதவன் வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு நுழைய முடியாது.

எங்கள் அறையில் நால்வர். கோடை விடுமுறைத் தள்ளுபடியில் ஆளுக்கு அறுபது ரூபாய் போட்டுச் சிறிய விளையாட்டு ஒன்றை வாங்கினோம். யார் கணக்கில் வாங்குவது என்பதில் இரண்டு நாள் சண்டை. இப்போது ஒரே கணிப்பொறியில் முறை வைத்து ஆடுகிறோம். செவ்வாய்க்கிழமை என் முறை.