எந்த மிக்-21?

1963-இல் வந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று நம் விமானப்படையிலிருந்து விடைபெற்றது. இனி இவற்றில் இன்னும் பல, காட்சிப் பொருளாகப் பீடமேறும். பீடத்தின் பலகையில் வெறுமனே ‘மிக்-21’ என்று எழுதினால் போதாது. இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒரே ஆயுதத் தாங்கி இருந்தால், அது பெரும்பாலும் 2013-இல் ஓய்வுபெற்ற எஃப்.எல். ரகம்; அதன் உடலுக்குள் பதித்த பீரங்கி கிடையாது. பக்கத்துக்கு இரண்டு தாங்கிகள் என்றால் பிந்தைய ரகம். அதிலும் விமானிக்கு முன்னே சட்டமில்லாத ஒற்றைக் கண்ணாடி இருந்தால் ‘பைசன்’ ரகம். திருவண்ணாமலைக் கோயிலில் எந்தத் திருப்பணி யாருடையது என்பதைக் கல்வெட்டு சொல்கிறதே, அப்படி விமானத்தின் ரகத்தையும் பலகையில் எழுதிவைக்க வேண்டும். வண்ணம் புதுப்பிக்கிறோம் என்று விமானத்தின் வரிசை எண்ணை மறைப்பது பெரும்பிழை. எந்தப் படைப்பிரிவில் பறந்தது என்று தேட அந்த எண்தான் வழி.