நான்கு பசிக்கு ஒரு சென்னைப் பயணம்

சென்னைக்குப் போய் ஒரு சனி, ஞாயிறு தங்கி, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடைகளை எண்ணாதீர்கள், பசியை எண்ணுங்கள்.

கடைகளை எண்ணுவது என்று எதைச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் செல்போனில் அனுப்பி வைக்கிறார்களே, சென்னையில் சாப்பிட்டே ஆக வேண்டிய 25 கடைகள் என்று, அதைத்தான். ஒரு பையன் ஒரு வாய் பொங்கலைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் தலையை ஆட்டுவான். அடுத்த நிமிஷம் வேறொரு கடையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருப்பான். இளம் வயது, ஓடட்டும். நமக்கு அது ஆகாது.

எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு நாளில் உண்மையான பசி இரண்டு தடவைதான் வருகிறது. மற்றதெல்லாம் வேளை. எட்டு மணி ஆயிற்று, இட்லி. ஒரு மணி ஆயிற்று, சோறு. கடிகாரத்துக்காகச் சாப்பிடுகிறோம். ஆகவே இரண்டு நாளுக்கு நம் கையிருப்பு நான்கு பசி. அந்த நான்கையும் எங்கே, எப்போது செலவு செய்வது என்பதுதான் திட்டம். அதற்கு மேல் திட்டம் போடுகிறவர்கள், மார்ச் மாதக் கடைசியில் பட்ஜெட் பணத்தைத் தீர்ப்பதற்காகத் தேவையில்லாத நாற்காலிகளை வாங்கிக் குவிக்கும் ஆபீசைப் போன்றவர்கள். அந்த நாற்காலிகள் வராந்தாவில் கிடந்து மழையில் நனைந்ததை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவன் நான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார் மூன்று சொற்களைப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பார். அள்ளி அள்ளி விழுங்குகிறவன் குளுத்தோன். சாப்பாட்டை ஆசையோடு நிறையச் சாப்பிடுகிறவன் குர்மான். எது நல்லது என்று நாக்கால் அறிந்து, அளவாகச் சாப்பிடுகிறவன் குர்மே. சின்ன வயதில் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது மூன்றாவது சொல் ஒன்றுதான் நமக்கு மிச்சம். அது ஒன்றும் குறைவான சொல் அல்லவே.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, வீட்டிலேயே இருக்கலாமே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "என்ன வேணுமோ சொல்லுங்கப்பா, ஆர்டர் போட்டு வீட்டுக்கே வரவழைக்கிறேன்" என்பார்கள். அக்கறையால் சொல்வது, தப்பில்லை. ஆனால் டப்பாவில் வருவது சாமானே தவிர சாப்பாடு அல்ல. திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி சாம்பாரில் மிதக்கிறது என்றால், ஊற்றுகிற ஆள் பக்கத்திலேயே நின்று, குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பதால் மிதக்கிறது. 1948-இலிருந்து நடக்கும் கடை அது. அந்த ஊற்றுகிற கையை எந்த டப்பாவிலும் அடைக்க முடியாது.

சரி, ஏன் சனி, ஞாயிறு? புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் சென்னை பாதி இங்கே வந்து இறங்குகிறது. துய்மா வீதியில் நடக்க இடமில்லை, கடற்கரைச் சாலையில் உட்காரக் கட்டையில்லை. அவர்கள் இங்கே வரும்போது நாம் அங்கே போவதுதான் புத்திசாலித்தனம். ஈ.சி.ஆர். வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். சனிக்கிழமை காலையில் நாம் போகிற பக்கம் கூட்டம் குறைவு. ஞாயிறு சாயங்காலம் அவர்கள் எல்லோரும் சென்னைக்குத் திரும்பும்போது நாம் எதிர்ப்பக்கம், ஜன்னல் ஓரம் காலை நீட்டி உட்கார்ந்து வரலாம்.

இனி நான்கு பசியின் கணக்கு. என் கணக்கைச் சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து புறப்படும் பறக்கும் ரயில் பாதையில் திருவல்லிக்கேணியும் திருமயிலையும் இருக்கின்றன. சாப்பாட்டுக்குப் பேர்போன மூன்று இடங்கள் ஒரே பாதையில். திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தால் இரண்டு பக்கமும் போகலாம். லிஃப்ட் இருக்கிறதா, மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ரயில் மேலே ஓடுவதால் ஸ்டேஷனில் ஏற வேண்டியிருக்கும். முழங்கால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆட்டோதான். மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகத் தெருக்களைத் தோண்டி வைத்திருக்கிறார்கள், ஆட்டோ சுற்றிக்கொண்டுதான் போகும். அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பசி சனிக்கிழமை மத்தியானம். காலையில் வீட்டில் இரண்டு இட்லியோடு கிளம்பி, பஸ்ஸில் வருகிற முறுக்கையும் கடலையையும் தொடாமல் போனால், மவுண்ட் ரோடு வரும்போது பசி நன்றாக எடுத்திருக்கும். அங்கே புகாரி ஓட்டல், 1951-இல் தொடங்கியது. சிக்கன் 65 என்ற பெயரே 1965-ஆம் வருஷத்து மெனுவில் தாங்கள் வைத்ததுதான் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு பேருக்கு ஒரு பிரியாணி போதும். ஆற்காட்டு நவாப் 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடிவந்த பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. பிரியாணிக்குப் பொருத்தமான வட்டாரம். சைவக்காரர்கள் இந்தப் பசியை ரத்னா கபேக்குக் கொடுக்கலாம். பிறகு அறைக்கு வந்து தூங்குங்கள். மத்தியானத் தூக்கமும் இந்தத் திட்டத்தில் ஓர் அயிட்டம்.

இரண்டாவது பசி சனி இரவு. இது சிறிய பசி. பறக்கும் ரயிலில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போங்கள். அந்த வட்டாரத்தில் தள்ளுவண்டிகளில் அத்தோ கிடைக்கும். பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளையும் தொழில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, கப்பலேறித் திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். காரம் குறைத்துப் போடச் சொன்னால் போடுவார்கள்.

புதுச்சேரிக்காரன் அந்த வண்டி முன்னால் நிற்கும்போது நம் ஊர்ச் சாய்யோ ஞாபகத்துக்கு வராமல் போகாது. சைகோனில் சொல்தாவாக இருந்தவர்கள், அங்கே பெண் எடுத்தவர்கள் வழியாக நம் வீடுகளுக்குள் வந்ததுதானே அது. அவர்களுக்கு ரங்கூன், நமக்கு சைகோன். ஊரை விட்டு வரும்போது வீட்டையும் கடையையும் தூக்கி வர முடியாது, கைப்பக்குவத்தை யாரும் பறிமுதல் செய்ய முடியாது. இதை அங்கே நின்று சாப்பிட்டால்தான் புரியும். நான் ஒரு தட்டில் பாதிதான் சாப்பிட்டேன். அதுவே நிறைவாக இருந்தது.

மூன்றாவது பசி ஞாயிறு காலை. நாலில் பெரிய பசி இதுதான். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், சில மேஜைகள், வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். பொங்கல், வடை, இட்லி, காரமான கெட்டிச் சட்னி, பிறகு காபி. ஞாயிறு என்பதால் கூட்டம் வரும், சீக்கிரமே போய்விடுங்கள். காத்திருப்பதைப் பற்றிச் சலித்துக்கொள்ள வேண்டாம். உள்ளேயிருந்து நெய் வாசனை வர, முன்னால் நிற்கிறவர் எந்தத் தெரு, எந்த ஆபீசில் ரிட்டயர் ஆனார் என்று விசாரித்துக்கொண்டு நிற்பதில் பசி இன்னும் கொஞ்சம் ஏறும். அதுவும் லாபம்தான்.

நான்காவது பசியை எழுதாமல் விடுங்கள். ஆபீஸ் பட்ஜெட்டில் எதிர்பாராச் செலவு என்று ஒரு தலைப்பு இருக்குமே, அந்த மாதிரி. மார்கழியில் போனால் சபா கேண்டீனில் இலை போடலாம். இல்லையென்றால் கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் என்ன சூடாக இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு பேராகப் போனால், இந்தப் பசியை இன்னொருவர் தீர்மானிக்கட்டும் என்பதுதான் என் சொந்த விதி.

போன தடவை என் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "எந்தக் கடையா இருந்தாலும் சரிங்க. யாராவது ஒரு தோசை சுட்டுக் கொண்டுவந்து வைக்கணும். நான் உட்கார்ந்த இடத்திலேயே சூடு ஆறதுக்குள்ள சாப்பிடணும்" என்றாள். பேர்கூடக் கவனிக்காத ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தோம். ஒரு தோசை வந்தது, சாப்பிட்டாள். இன்னொன்று சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் எல்லோருக்கும் சுட்டுப் போட்டுவிட்டு, கடைசியில் ஆறிப்போனதைச் சாப்பிட்டவள். எந்த வீடியோவும் காட்டாத கடை அது. இந்தப் பயணம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அந்த இரண்டாவது தோசைதான்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்குப் பிரஷர், சிலருக்கு இரண்டும். அதனால்தான் நான்கு பசி என்கிறேன். 25 கடைக்குப் போகிறேன் என்றால் எந்த டாக்டரும் அனுப்ப மாட்டார். இந்த நான்கு வேளையையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரை எப்போது, எதைத் தவிர்ப்பது என்று அவர் சொல்வார். நாமாக மாத்திரையை நிறுத்துவதும் நேரம் மாற்றுவதும் வேண்டாம். மே மாதத்தில் கிளம்பவும் வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி உத்தமம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஆடிட் விஷயமாகத் தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீசுக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு போன காலத்தில், வேலை முடிந்ததும் கதீட்ரல் ரோட்டு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் மர நிழலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவோம். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், ரிட்டயர் ஆனதும் வீட்டம்மாவை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2008-இல் அது மூடப்பட்டது. 2010-இல் அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. நண்பர் இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறார். அந்த அம்மாள் இல்லை.

கடைகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. பசியும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் வருகிறது. இருக்கிற பசியை வீட்டில் கடிகாரத்துக்கே முழுவதும் செலவு செய்யாமல், வருஷத்தில் நான்கையாவது நமக்கென்று எடுத்து வைக்கலாம். பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். எந்த லாட்ஜ், எந்த பஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் இடம் இருக்கும்.