டி.ஏ. சாங்ஷன்!

நண்பருக்குப் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் படிக்க, காதால் வாசிப்பவர். ''ஏம்ப்பா, நீ தமிழாக்கின பக்கத்தைத் திறந்தேன். உள்ளே யாருமே இல்லையே!'' என்றார் போனில்.

பகீரென்றது. வாக்கியங்களை சாஃப்ட்வேர் ஒழுங்காகத்தான் தமிழாக்கியிருந்தது. ஆனால் ஹெச்.டி.எம்.எல். ஃபைலின் தொடக்கத்தில் 'லேங்' என்றொரு குறிப்பு உண்டு, திரையில் தெரியாது. 1997-ல் வந்த 4.0 பதிப்பிலேயே இருக்கிறது. அதில் ஆங்கிலத்துக்கான 'இ.என்.' அப்படியே உட்கார்ந்திருந்தது. அதை நம்பி வந்த இங்கிலீஷ் குரல், தமிழைப் பார்த்ததும் கப்சிப்!

'டி.ஏ.' என்று மாற்றினேன். (பயணப்படி இல்லை சார், தமிழுக்கு சர்வதேசச் சுருக்கம்!)

மறுநாள் மறுபடி போன். நடுவில் ஒரு ஒப்பந்த ஷரத்தை மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே விட்டிருந்தேன். அப்பா இனிஷியல் மாதிரி, மேலே போட்டது கீழே எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஷரத்துக்கும் டி.ஏ. சாங்ஷன் ஆகி, தமிழ்க் குரல் அதை எழுத்து எழுத்தாக மென்று துப்பியிருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்!

அந்தப் பாராவுக்கு மட்டும் தனியாக ஒரு 'இ.என்.' போட்டேன். நண்பர் முழுசாகக் கேட்டார்.

''மூணாவது பாராவில் ஒரு 'க்' விட்டுப்போச்சுப்பா!''