குடியுரிமைக்கு முன்னரே ஒரு வாக்கு: ஒஸ்லோ மாநகரசபையும் எம்மவரும்

புலம்பெயர்ந்த தமிழர் மத்தியில் தேர்தல் என்றவுடன் பேசப்படுவது பாராளுமன்றத் தேர்தலே. எந்தக் கட்சி வந்தால் அகதிகளைத் திருப்பி அனுப்பும், எந்தக் கட்சி வந்தால் விசா நீடிக்கப்படும் என்ற கணக்குகள் எமது கடைகளிலும் கோவில் வாசல்களிலும் ஓயாது நடைபெறுகின்றன. மாநகரசபைத் தேர்தலைப் பொருட்படுத்துவோர் குறைவு. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாண மாநகர முதல்வராக இருந்த அல்பிரட் துரையப்பா 1975இல் கொல்லப்பட்டார். 1998 ஜனவரித் தேர்தலின் பின்னர் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே மாதத்திலும், அவரையடுத்துப் பொறுப்பேற்ற பொன். சிவபாலன் செப்ரெம்பரிலும் கொல்லப்பட்டனர். வீதி விளக்கையும் வடிகாலையும் கவனிக்கவேண்டிய பதவி உயிரைக் குடிக்கும் பதவியாகிவிட்ட ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். உள்ளூராட்சியிலிருந்து ஒதுங்கி நிற்பதே புத்தி என்ற எண்ணமும் எம்முடன் விமானமேறி வந்துவிட்டது.

அந்த எண்ணத்தை மீள்பரிசீலனை செய்ய நோர்வேத் தலைநகரின் அனுபவம் உதவும். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் மூன்று வயதில் பெற்றோருடன் நோர்வே சென்றவர். வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்ற் நகரில் சிறிது காலம் வாழ்ந்து, பின்னர் ஒஸ்லோவில் வளர்ந்தவர். தொழிற்கட்சியின் இளைஞர் அணியிலிருந்து 2007இல், தமது பத்தொன்பதாவது வயதில், ஒஸ்லோ மாநகரசபைக்குத் தெரிவானார். நான்கு ஆண்டுகளின் பின்னர், 2011 ஜூலை 22இல், அதே இளைஞர் அணி உத்தோயாத் தீவில் நடத்திய கோடைகால முகாமில் ஓர் இனவெறியன் 69 பேரைச் சுட்டுக்கொன்றான். அன்று நீரில் குதித்து நீந்தி உயிர் தப்பியவர்களில் கம்சாயினியும் ஒருவர். அதே தினத்தில் ஒஸ்லோ அரசாங்கச் செயலகப் பகுதியில் வெடித்த குண்டுக்கு மேலும் எட்டுப் பேர் பலியாகினர். குடிவரவாளரை ஏற்றுக்கொள்ளும் அரசியலை வேரறுப்பதே கொலையாளியின் நோக்கம். ஏழு வாரங்களின் பின்னர், செப்ரெம்பர் 12இல், உள்ளூராட்சித் தேர்தல் குறித்தபடி நடைபெற்றது. தேர்தலைத் தள்ளிவைப்பது கொலையாளிக்கு அளிக்கும் பரிசாகும் என்று அந்நாடு கருதியது போலும்.

2015இல் அவர் ஒஸ்லோவின் துணை முதல்வரானபோது புலம்பெயர் தமிழர் எங்கும் அது கொண்டாடப்பட்டது. கொண்டாடியதில் தவறில்லை, ஆனால் அப்பதவி யாது என்று அறிந்து கொண்டாடியிருக்கலாம். ஒஸ்லோவில் 1986 முதல் பாராளுமன்ற முறையை ஒத்த நிர்வாகம் நிலவுகின்றது. 59 உறுப்பினர் கொண்ட சபைக்குப் பதில் சொல்லும் நகர அரசு ஒன்று உண்டு. வரவுசெலவும் நிர்வாகமும் அதன் கையிலேயே உள்ளன. முதல்வரும் துணை முதல்வரும் சபைக்குத் தலைமை தாங்குவோர், நகரின் முகமாக விளங்குவோர். எனவே 'ஒஸ்லோவை ஆளும் தமிழ்ப் பெண்' என்பது மிகை. எட்டு ஆண்டுகள் சாதாரண உறுப்பினராகச் சபையில் அமர்ந்து தொழிலைக் கற்றவர் அப்பதவிக்கு வந்தார் என்பதே எமது கவனத்திற்குரியது.

இதைவிட முக்கியமானது, அத்தேர்தலில் யார் வாக்களிக்கலாம் என்ற கேள்வி. நோர்வேயில் 1983 முதல், மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்நாட்டின் குடிசனப் பதிவேட்டில் இருந்துள்ள எந்த வெளிநாட்டவரும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். குடியுரிமை தேவையில்லை. பாராளுமன்றத் தேர்தலுக்கோ அது கட்டாயம். தஞ்ச விண்ணப்பம் முடிவாகாது முகாமில் காத்திருப்போருக்கு இவ்வுரிமை இல்லை. அனுமதி பெற்றுப் பதிவான நாளிலிருந்தே ஆண்டுக்கணக்கு தொடங்குகின்றது.

வாக்களிக்கும் முறையும் எம்மவருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இலங்கையில் விருப்பு வாக்கு என்று நாம் அறிந்த ஒன்றே அங்கு வேறு வடிவில் உள்ளது. கட்சியின் பட்டியலைத் தெரிந்தெடுத்து, அதிலுள்ள எத்தனை பெயர்களுக்கும் புள்ளடியிடலாம். வேறு கட்சியின் வேட்பாளர் சிலரது பெயரையும் சேர்க்கலாம். அப்போது உமது வாக்கின் ஒரு பகுதி அக்கட்சிக்குச் செல்லும். கட்சிகள் பட்டியலின் உச்சியில் சிலரைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு அவர்களுக்கு, கட்சி பெறும் வாக்குச்சீட்டுகளில் 25 வீதத்திற்குச் சமமான மேலதிகத் தனிவாக்கை அளிக்கலாம். ஏனையோரின் ஏற்றமும் இறக்கமும் வாக்காளரின் பேனாவிலேயே தங்கியுள்ளது. ஒஸ்லோவில் குடிவரவுப் பின்னணி கொண்ட வேட்பாளர் பலர் கட்சி ஒதுக்கிய இடத்தைத் தாண்டி மேலே வந்தமைக்கு இந்தப் பேனாவே காரணம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பட்டியலின் அடியில் ஒரு தமிழ்ப் பெயரை அல்லது சோமாலியப் பெயரைச் செருகிவிட்டால் அச்சமூகத்தின் வாக்குகள் கட்சிக்கு வந்து சேரும். வேட்பாளர் சபைக்கு வராவிடினும் கட்சிக்கு நட்டமில்லை. பெயரைக் கண்டவுடன் புள்ளடியிடுவோர், அவர் எந்தப் பாடசாலைக்காக, எந்த வீடமைப்புத் திட்டத்திற்காகக் குரல் கொடுத்தார் என்று கேட்பதில்லை. ஊர்ச்சங்கத் தலைவர் தெரிவைப் போன்று மாநகரசபைத் தெரிவையும் நடத்துவோமாயின் எம்மை ஏமாற்றுவது எவருக்கும் எளிது. கம்சாயினி 2021இல் நோர்வேப் பாராளுமன்றத்திற்குச் சென்றபோது இருந்த நிலைமை வேறு. அத்தேர்தலில் பட்டியல் வரிசையைக் கட்சியே நிர்ணயித்தது. ஒரு கட்சியின் வாக்காளரில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே மாற்றத்தைச் செய்தாலன்றி அது அசையாது. இனத்தவரின் புள்ளடி மட்டும் அங்கு உதவாது. கட்சிக்குள் பெற்ற நம்பிக்கையே வழிவிடும். மாநகரசபையில் செலவிட்ட ஆண்டுகளின் பெறுமதி அதுவே.

சரி, மாநகரசபை அப்படி எதைத்தான் தீர்மானிக்கின்றது? குழந்தைப் பராமரிப்பு நிலையம், பாடசாலை, முதியோர் பராமரிப்பு, சமூக உதவி ஆகியன அதன் கையிலுள்ளன. அகதிகளுக்கோ இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. அனுமதி பெற்ற அகதிகளை எந்த நகரில் குடியமர்த்துவது என்று அரசு தன்னிச்சையாக உத்தரவிடுவதில்லை. ஒவ்வோராண்டும் இத்தனை பேரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று உள்ளூராட்சிகளிடம் கேட்கின்றது. ஏற்பதையும் மறுப்பதையும் குறைப்பதையும் சபைகளே வாக்கெடுத்துத் தீர்மானிக்கின்றன. மொழிப் பயிற்சியையும் தொழிற்பயிற்சியையும் கொண்ட அறிமுகத் திட்டத்தை நடத்துவதும் அவையே. முகாமில் கையில் அனுமதிப் பத்திரத்துடன் வீடின்றிக் காத்திருக்கும் ஒருவரின் விதி, பெயர் தெரியாத ஒரு சிற்றூர்ச் சபையில் ஓரிரு வாக்குகளால் முடிவாகலாம்.

அவ்வாறிருந்தும் நோர்வேயில் வாக்குரிமை பெற்ற வெளிநாட்டவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே வாக்களிக்கின்றனர். நாட்டின் பொதுவான அளவு 2019இல் 64 வீதத்தையும் தாண்டியது.

ஏனைய நாடுகளில் வாழும் எம்மவர் தத்தம் நிலையை அறிந்திருப்பது நன்று. சுவீடன் 1976இலும் டென்மார்க் 1981இலும் இவ்வுரிமையை வழங்கின. பிரித்தானியாவில் சட்டபூர்வமாகத் தங்கும் இலங்கையர், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். இதனை அறியாது இருந்துவிடுவோர் உளர். யேர்மனியில் இரு மாநிலங்கள் வெளிநாட்டவருக்கு வாக்களிக்க முயன்றபோது அரசியலமைப்பு நீதிமன்றம் 1990இல் தடுத்துவிட்டது. பிரான்சில் 1981இல் மித்தரான் அளித்த வாக்குறுதி ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியேயுள்ள நாட்டவருக்கு நிறைவேறவேயில்லை. கனடாவில் குடியுரிமை பெறும்வரை மாநகரசபை வாக்கும் இல்லை.

நோர்வேயில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தலுக்கான மாதம் 2027 செப்ரெம்பர். 2024 செப்ரெம்பருக்கு முன்னரே குடிசனப் பதிவேட்டில் சேர்ந்து, இடையறாது அந்நாட்டில் பதிவாகி வாழ்ந்துவருவோர் அதில் வாக்காளர் ஆவர். தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் முகவரி சரியாக இருந்தால் போதும். வாக்களிக்கச் செல்லும்போது அடையாள அட்டையை மறவாது எடுத்துச் செல்க.