முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடுமா?

போன வாரம் நைட் டியூட்டி. ஒன்றரை வயசுப் பையன். மூணு நாளா காய்ச்சல், வாந்தி, அன்னைக்குச் சாயங்காலம் வலிப்பு. மூளைக்காய்ச்சல்னு சந்தேகம். "முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும், கையெழுத்து போடுங்க"ன்னு சொன்னதும் அப்பா பின்வாங்கிட்டார்.

"எங்க பெரியப்பா பையனுக்கு இப்படித்தான் போட்டாங்க. அப்புறம் அவன் நடக்கவே இல்ல சார்."

அவர் பொய் சொல்லல. ஆனா இந்த நோயே கை கால் பலவீனம், வலிப்பு, காது கேளாமைன்னு எதையாவது விட்டுட்டுப் போகும். ஊசி முன்னாடி நடந்தது, முடக்கம் பின்னாடி தெரிஞ்சது. பழி ஊசி மேல விழுது.

தண்டுவடம் இடுப்புப் பகுதியின் மேல்பக்கத்திலேயே முடிஞ்சிடும். குழந்தைகளுக்குக் கொஞ்சம் கீழே. நாங்க ஊசி போடுறது அதுக்கும் கீழே. உங்க வீட்ல யாருக்காவது சிசேரியன் ஆயிருக்கா? அதுக்கு முதுகுல மரத்துப்போற ஊசி போடுறதும் இதே இடத்துலதான். எடுக்குறது சில மில்லி நீர். பெரியவங்க உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி புதுசா ஊற வைக்குது. சிலருக்குச் சில நாள் தலைவலி இருக்கும். மூளையில அழுத்தம் அதிகம்னு சந்தேகம் வந்தா முதல்ல ஸ்கேன்தான்.

ஏன் அந்த நீர் வேணும்? வைரஸா இருந்தா பெரும்பாலும் தானா சரியாகும். பாக்டீரியான்னா சில மணி நேரத்துல ஆளையே கொண்டு போயிடும். டிபியா இருந்தா ஒரு வருஷம் வரைக்கும் மாத்திரை. ஆன்டிபயாடிக்கை நாங்க காத்திருக்காம ஆரம்பிச்சிடுவோம். ஆனா எது எதிரின்னு சொல்றது அந்த நீர்தான்.

இதுல எங்க தப்பும் இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குப் படிவத்தை நீட்டி, "ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல"ன்னா எந்த அப்பன் கையெழுத்து போடுவான்? நானே பல வருஷம் அப்படிச் சொன்னவன்தான்.

அன்னைக்குக் கேஸ் ஷீட் பின்னாடி முதுகெலும்பை வரைஞ்சு காட்டினேன். பத்து நிமிஷம். கையெழுத்து போட்டார். கண்ணாடி மாதிரி வரவேண்டிய நீர், அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வந்தது. பாக்டீரியா.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க. பிறந்ததும் பிசிஜி. 6, 10, 14 வாரத்துல பென்டாவேலன்ட். 2011 டிசம்பர்ல இந்தியாவிலேயே முதல்ல தமிழ்நாட்டிலயும் கேரளாவிலயும்தான் இது அரசுத் திட்டத்துல வந்தது. 6, 14 வாரம், 9 மாசம் நியூமோகாக்கல், 2021-ல இருந்து அரசு மருத்துவமனையில இலவசம். எல்லாக் கிருமியையும் தடுக்காது, ஆனா மோசமான சிலதைத் தடுக்கும். இந்தப் பையனுக்கு 9 மாசக் கட்டம் காலி.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்கணும்னு காத்திருக்காதீங்க. பால் குடிக்கல, உச்சிக்குழி புடைச்சிருக்கு, எழுப்பினாலும் சோர்ந்து விழுது, கீச்சுன்னு அழுதுட்டே இருக்கு, இதுல ஒண்ணு போதும், உடனே கிளம்புங்க.

பையன் இன்னும் வார்டுலதான் இருக்கான். நேத்து இட்லி கேட்டு அழுதான். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி காது டெஸ்ட் ஒண்ணு பாக்கி.