கரண்ட் இருந்தது... கொண்டு வர கம்பி இல்லை! டவர் லைன் விவகாரத்தில் சிக்கல் எங்கே?

ஈரோடு,

வடமாநிலங்களில் விற்க மின்சாரம் இருந்தது. வாங்க தமிழ்நாடும் தயாராக இருந்தது. ஆனால் கொண்டு வரத்தான் போதிய மின்பாதை இல்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் தினமும் 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட் ஆனதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். விசைத்தறிகள் முடங்கின. மோட்டார் ஓடாமல் பயிர் வாடியது.

தெற்கே மட்டும் எகிறிய விலை

முன்பு மின்வாரியமே மின்நிலையம் கட்டும், அதுவே கம்பியும் இழுக்கும். 2003-ம் ஆண்டு மின்சார சட்டம் வந்த பிறகு அனல் மின்நிலையம் கட்ட தனியாருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 2008-ல் மின்சார சந்தையும் வந்தது. நாளைக்கு தேவையான கரண்டை இன்றைக்கே ஏலத்தில் எடுக்கலாம்.

ஆனால் லைன் நிரம்பி விட்டால் இந்த சந்தை இரண்டாக உடையும். வடக்கே ஒரு விலை, தெற்கே ஒரு விலை. எகிறியது தெற்கு விலைதான்.

2013 டிசம்பர் 31-ந்தேதி ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலம் தென்மாநிலங்கள் தேசிய மின்தொகுப்பில் இணைந்தன. அதுவும் போதாமல்தான் சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரில் இருந்து புகளூருக்கு 6 ஆயிரம் மெகாவாட் லைன் போடப்பட்டது. காற்றாலை சீசனில் இங்கிருந்து வடக்கே கரண்ட் அனுப்பவும் இது உதவும்.

இப்படியும் நஷ்டம், அப்படியும் நஷ்டம்

சோலார் மின்நிலையத்தை ஓரிரு வருடத்தில் கட்டி விடலாம். பெரிய டவர் லைனுக்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும். எந்த கம்பெனி எங்கே மின்நிலையம் கட்டும் என்று தெரியும் முன்பே பாதையை முடிவு செய்தாக வேண்டும். கணக்கு தப்பி லைன் சும்மா கிடந்தால் அந்த செலவு கடைசியில் மின்கட்டணத்தில் வந்து விழும். லைன் போடாமல் விட்டால் கரண்ட் இருந்தும் பயன் இல்லை.

நிலம் யாருடையது?

இந்த கணக்கில் கடைசியாக சேர்க்கப்படுபவர் விவசாயி. டவருக்காக நிலத்தை கையகப்படுத்துவது இல்லை. 1885-ம் ஆண்டு தந்தி சட்ட அதிகாரத்தை வைத்தே கம்பி இழுக்கிறார்கள். பட்டா விவசாயி பெயரில்தான் இருக்கும். ஆனால் கம்பிக்கு கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. நிலத்தை விற்கப் போனாலும் விலை படியாது.

சாலையோரம் கேபிளாக பதிக்கக் கோரி 2018-ல் கொங்கு மாவட்ட விவசாயிகள் போராட்டத்தில் குதித்தனர். டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம் என்பது 2015-ல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை. 2024 ஜூனில் அது 200 சதவீதமாக உயர்ந்தது. கம்பி செல்லும் பாதைக்கு 15 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 30 சதவீதமானது. ஆனால் இதை ஏற்பதா வேண்டாமா என்பது மாநிலங்களின் கையில்.

சந்தையில் கரண்டை நிமிடத்தில் வாங்கி விடலாம். ஒரு டவருக்கு தகராறு வந்தால் மொத்த லைனும் நிற்கும். வரைபடத்தில் கோடு போடும்போதே விவசாயியின் இழப்பையும் செலவில் சேர்த்தால் வேலையும் முடியும், வயிற்றெரிச்சலும் குறையும்.